குறிநோக்கியும் காணிக்காரரின் கண்ணும்: தென்னிந்தியப் பெருவேட்டையில் தூரத்தின் வரலாறு

வித்துராவிலிருந்து பொன்முடிக்குச் செல்லும் சாலை கல்லாற்றை விட்டு விலகியதும் மலையேறத் தொடங்குகிறது. 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தை அது அடைகிறது. அடிவாரத்தில் ஈற்றையும் பிரம்பும் கொடிகளும் பின்னிய ஈரக்காடு. அங்கே 15 மீட்டருக்கு அப்பால் நிற்கும் யானையும் கண்ணுக்குப் புலப்படாது. உச்சியிலோ காற்று அலைக்கழிக்கும் புல்வெளி. பாறைச்சரிவில் மேயும் வரையாட்டைப் பல நூறு மீட்டர் தொலைவிலிருந்தே காணலாம். அருகிலுள்ள ஒரு குன்றுக்கு வரையாட்டுமொட்டை என்றே பெயர். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கண் எட்டும் தூரம் பத்து மடங்குக்கு மேல் விரிந்துவிடுகிறது.

பெருங்குழல் வேட்டைத் துப்பாக்கிக்கு எந்தக் குறிநோக்கியைப் பொருத்துவது என்ற கேள்வி, ஆயுத வணிகர்களின் விலைப்பட்டியல்களில் வில்லை, உருப்பெருக்கம், விலை என்ற சொற்களால் பேசப்படுவது. ‘ஸ்கோப்’ என்று பொதுவாக வழங்கும் அந்தத் தொலைநோக்கிக் குழலின் வரலாற்றைத் தென்னிந்தியக் காடுகளோடு சேர்த்துப் படித்தால், அது வேறொரு கேள்வியாக உருமாறுகிறது. மனிதனுக்கும் விலங்குக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்தது? அந்தத் தூரத்தைக் குறைத்தவர் யார்? குறி தவறியபோது அதன் விலையைக் கொடுத்தவர் யார்? வேட்டை இலக்கியம் முதல் கேள்விக்கு விரிவாக விடை தருகிறது. மற்ற இரண்டையும் போகிற போக்கில் கடந்துவிடுகிறது.

1. கரும்புகைக் காலம்

19ஆம் நூற்றாண்டின் பெருவேட்டைத் துப்பாக்கிகளின் அளவு, ஒரு பவுண்டு ஈயத்திலிருந்து அக்குழலுக்குரிய உருண்டைகள் எத்தனை வார்க்கலாம் என்பதைக் கொண்டு கணிக்கப்பட்டது. ‘4 போர்’ என்றால் பவுண்டுக்கு நான்கு குண்டுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 113 கிராம். ‘8 போர்’ என்றால் எட்டு. ஒவ்வொன்றும் 57 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கரிமருந்தால் குண்டின் வேகத்தை ஓர் எல்லைக்கு மேல் உயர்த்த இயலாததால், எடையைக் கூட்டுவதே அக்காலத்தவர் கண்ட வழி.

இலங்கையின் நுவரெலியாவில் குடியேற்றப் பண்ணை அமைத்த சாமுவேல் பேக்கர், 1854இல் வெளிவந்த தம் இலங்கை வேட்டை நூலில் இத்தகைய கனத்த துப்பாக்கிகளைப் பற்றி விரிவாக எழுதினார். அவருக்கு முன் ஊவா மலைப்பகுதியில் அதிகாரியாக இருந்த மேஜர் ராஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. மைசூர் அரசின் யானைப் பிடிப்புக்குப் பொறுப்பேற்றிருந்த ஜி. பி. சாண்டர்சன், 1878இல் வெளியிட்ட நூலில் 4 போர், 8 போர் துப்பாக்கிகளின் தகுதிகளை ஒப்பிட்டு அலசினார். இவர்கள் எவரும் பெருங்குழல் துப்பாக்கியில் தொலைநோக்கி பொருத்துவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. குழலின் நுனியில் ஒரு மணி, பின்புறத்தில் ஒரு வெட்டுப்பள்ளம், தூரத்துக்கு ஏற்ப நிமிர்த்திக்கொள்ள மடிப்புத் தகடுகள் ஒன்றிரண்டு. அவ்வளவுதான் குறிபார்க்கும் கருவி.

காரணம் எளியது. யானை வேட்டையைப் பற்றி எழுதியவர்களுள் பெரும்பாலோர் 10 முதல் 20 கெசத்துக்குள் நெருங்காமல் சுடக்கூடாது என்றே அறிவுறுத்தினர். யானையின் பெருந்தலைக்குள் மூளை இருக்கும் இடம் சிறிது. அதைச் சுற்றிக் காற்றறைகள் நிறைந்த எலும்பு. தொலைவிலிருந்து சுடுவது விலங்கைக் கொல்லாமல் காயப்படுத்துவதில் முடியும். காயம்பட்ட யானை ஊருக்குள் இறங்கினால் அதன் சினத்துக்கு இலக்காவது சுட்டவராக இருப்பதில்லை.

2. வில்லை இருந்தது, துப்பாக்கியில் ஏறவில்லை

தொலைநோக்கி அறியாத நிலமாகத் திருவிதாங்கூர் இருந்ததில்லை. சுவாதித் திருநாளின் ஆதரவில் ஜான் கால்டிகாட்டை இயக்குநராகக் கொண்டு திருவனந்தபுரம் வானாய்வகம் 1837இல் தொடங்கப்பட்டது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன், வித்துராவின் தென்கிழக்கே உயர்ந்து நிற்கும் அகத்தியர் மலையில் 1855இல் ஓர் ஆய்வு நிலையத்தை அமைத்தார். 1,868 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்குக் கருவிகள் ஏறியது, யானைத் தடங்கள் வழியாக, மலைமக்களின் வழிகாட்டலும் சுமையாட்களின் உழைப்பும் இருந்ததால்தான்.

துப்பாக்கியில் தொலைநோக்கியைப் பொருத்தும் முயற்சியும் அதே காலத்தில் நடந்தது. அதில் இந்தியத் தொடர்பு ஒன்றுண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் பணியாற்றிய ஸ்காட்லாந்து அதிகாரி டேவிட் டேவிட்சன் வடிவமைத்த பக்கவாட்டுத் தொலைநோக்கி, விட்வொர்த் துப்பாக்கிகளில் பொருத்தப்பட்டு அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையின் குறிசுடுநர்களால் பயன்படுத்தப்பட்டது. அந்தத் துப்பாக்கியின் குழல் விட்டம் .451 அங்குலம், அதன் பயனோ பல நூறு கெசத் தொலைவில். மறைந்திருந்து தொலைவில் நிற்கும் மனிதனைச் சுடுவதற்கு வில்லை உதவியது. பத்து அடியில் புதரை விலக்கிக்கொண்டு வரும் காட்டெருதைச் சுடுவதற்கு உதவவில்லை.

அக்காலத் தொலைநோக்கிகள் பெருங்குழல் துப்பாக்கிக்கு ஒவ்வாமற்போனதற்கு நான்கு காரணங்களைக் காட்டலாம்.

முதலாவது, பின்னுதை. கனத்த தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கி தோளைப் பலமாக உதைக்கிறது. கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே போதிய இடைவெளி இல்லையேல், குழலின் விளிம்பு புருவத்தைப் பிளக்கும். இன்றும் இதற்குரிய வடு வேட்டைக்காரர்களிடையே கேலிப்பொருள். கண்ணுக்கு மட்டுமன்றிக் கருவிக்கும் அந்த உதை ஆபத்தானது. குறுக்குக் கம்பி அறுவதும் வில்லை இடம் பெயர்வதும் வழக்கமாக இருந்தன.

இரண்டாவது, காட்சிப் பரப்பு. நான்கு மடங்கு பெரிதாக்கும் குறிநோக்கி 100 மீட்டரில் ஏறத்தாழ 10 மீட்டர் அகலமான வட்டத்தைக் காட்டும். அதே கருவி 10 மீட்டரில் காட்டுவது ஒரு மீட்டர் வட்டம் மட்டுமே. அந்த வட்டத்துக்குள் யானை இராது. சாம்பல்நிறத் தோல் இருக்கும். அது நெற்றியா விலாவா என்று கண்டறிவதற்குள் யானை வந்துவிடும்.

மூன்றாவது, மழை. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் நனைக்கும் மலை இது. காற்று புகாதபடி அடைக்கப்படாத குழலுக்குள் ஈரம் புகுந்து வில்லையின் உட்புறம் பனித்துவிடும். குழலுக்குள் நைட்ரஜன் வாயுவை நிரப்பி இக்குறையைப் போக்கும் முறை, லியூபோல்ட் போன்ற அமெரிக்கத் தயாரிப்பாளர்களால் 1940களின் பிற்பகுதியில்தான் வேட்டைக் குறிநோக்கிகளுக்கு வந்து சேர்ந்தது.

நான்காவது, பொருத்தும் முறை. பெருவேட்டையின் மதிப்புமிக்க ஆயுதமாகிய இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தோளில் வைத்த கணமே கண் தானாக மணியின்மீது விழும்படி செதுக்குவதே ஆயுதக் கம்மியர்களின் பெருமை. அதன் மேல் ஒரு குழாயை ஏற்றினால் கன்னம் கட்டையை விட்டு உயர்ந்துவிடும். பழகிய கை பழக்கத்தை இழக்கும்.

3. கார்டைட்டும் ஒரு தடை உத்தரவும்

1889இல் கார்டைட் என்னும் புகையற்ற மருந்து உருவானது. 1898இல் ஜான் ரிக்பி நிறுவனம் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவை அறிமுகப்படுத்தியது. அரை அங்குலத்துக்கும் குறைந்த விட்டமுள்ள குண்டு, அங்குல விட்டமுள்ள பழைய ஈயவுருண்டையின் வேலையைச் செய்தது. துப்பாக்கியின் எடை குறைந்தது; புகை மறைந்தது; குண்டின் பாதை நேரானது.

இந்தப் புதிய அளவின் போக்கை மாற்றியது பிரித்தானிய இந்திய அரசின் ஓர் அச்சம். பழைய மார்ட்டினி ஹென்றி படைத்துப்பாக்கிகள் எல்லைப்புறத்திலும் பிற இடங்களிலும் பலர் கையில் இருந்தன. அவற்றின் குழலும் .450 அளவைச் சேர்ந்தது. வேட்டைத் தோட்டாக்களின் குண்டுகள் அவற்றுக்குப் பயன்பட்டுவிடும் என்று கருதி, 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவு தடைசெய்யப்பட்டது. உடனே லண்டன் ஆயுதக் கம்மியர்கள் தடைக்குத் தப்பிய அளவுகளைத் தேடினர். .465, .470, .475 முதலிய தோட்டாக்கள் பிறந்தன. இவற்றுள் 1907இல் ஜோசப் லாங் நிறுவனத்தின் பெயரில் வந்த .470, 32 கிராம் எடையுள்ள குண்டை விநாடிக்கு ஏறத்தாழ 655 மீட்டர் வேகத்தில் செலுத்தியது. இன்றும் ஆப்பிரிக்கப் பெருவேட்டையின் அடையாளமாகக் கருதப்படும் அந்தத் தோட்டாவின் பிறப்புச் சான்றிதழில் இந்திய அரசாங்கத்தின் கையொப்பம் இருக்கிறது.

குறிநோக்கியைப் பொறுத்தவரை, திருப்பம் 1912இல் வந்தது. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்தின் .375 மேக்னம் தோட்டா, காட்டெருதை வீழ்த்தும் வலிமையும் 200 மீட்டருக்கு அப்பாலும் மான் வகைகளைச் சுடும் நேர்பாதையும் ஒருங்கே கொண்டிருந்தது. அதே காலத்தில் வியன்னாவின் காலெஸ், யேனாவின் கார்ல் ஸைஸ் முதலிய நிறுவனங்கள் சிறிய, உறுதியான குறிநோக்கிகளைத் தயாரித்துக்கொண்டிருந்தன. ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளில் நெடுந்தூரக் குறி வேண்டியிருந்த ஐரோப்பிய வேட்டைக்காரர்களின் தேவை அவற்றை வளர்த்தது. பெருங்குழலும் வில்லையும் முதன்முறையாகப் பொருந்திவரும் நிலை உருவானது. அப்போதும் அவை நகத்தாங்கிகளின் மேல் பொருத்தப்பட்டன. காயம்பட்ட விலங்கைத் தேடிப் புதருக்குள் நுழையும் முன் ஒரே அசைவில் குறிநோக்கியைக் கழற்றிவிட வேண்டும் என்பதே அதன் பொருள். கருவியைச் செய்தவர்களே அதன் எல்லையை உணர்ந்திருந்தனர்.

4. வில்லைக்கு மாறாக விளக்கு

இந்தியாவில் நடந்தது வேறு. 1920களிலும் 30களிலும் இந்திய வேட்டைக்காரர் தம் துப்பாக்கியில் புதிதாகச் சேர்த்துக்கொண்ட பொருள் மின்கல விளக்கு. 1926 மே மாதத்தில் ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையை ஜிம் கார்பெட் வீழ்த்தியது டார்ச்சு வெளிச்சத்தில்தான். பெங்களூரைச் சேர்ந்த கென்னத் ஆண்டர்சன் சேலம், தருமபுரி, நீலகிரிக் காடுகளில் பரண்மீது அமர்ந்து எழுதிய கதைகள் நெடுகிலும் .405 வின்செஸ்டர் துப்பாக்கியும் அதில் கட்டிய டார்ச்சும் வருகின்றன. தொலைநோக்கி அவற்றில் இடம்பெறவில்லை.

பரணிலிருந்து இரைக்குள்ள தூரம் 15 அல்லது 20 மீட்டர். தூரம் அங்கே சிக்கலாக இருந்ததில்லை, இருளே சிக்கல். இந்தியக் காடு வேட்டைக்காரனிடம் கேட்டது வெளிச்சத்தை. ஆல்ப்ஸ் கேட்டதோ உருப்பெருக்கத்தை. குறிபார்க்கும் கருவியின் வரலாற்றை ஐரோப்பிய நூல்களைக் கொண்டு மட்டும் எழுதினால், இந்திய வேட்டை பின்தங்கிய ஒன்றாகத் தோன்றும். நிலத்தைக் கொண்டு எழுதினால் அது பொருத்தமான தேர்வாகத் தெரியும்.

விதிவிலக்கு புல்வெளிதான். நீலகிரியிலும் ஆனைமலையிலும் வரையாட்டை ‘ஐபெக்ஸ்’ என்று தவறான பெயரிட்டு வேட்டையாடிய ஆங்கிலேயர்களுக்கு நெடுந்தூரக் குறி தேவைப்பட்டது. அந்த வேட்டையின் மிகுதியே காப்பு முயற்சிகளுக்கும் வித்திட்டது. 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879இல் நீலகிரி வேட்டை மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன்னரே, 1873இல், சென்னை மாகாணம் காட்டுயானைகளைக் காக்கச் சட்டம் இயற்றியிருந்தது. மூணாறுப் பகுதியில் தோட்ட முதலாளிகளின் வேட்டைச் சங்கம் முதுவர்களைக் காவலர்களாக அமர்த்தி வரையாடுகளைப் பேணியது. அந்த நிலமே 1975இல் இரவிகுளம் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. காத்ததற்கு முதற்காரணம் தாமே சுடுவதற்கு ஆடுகள் மிஞ்ச வேண்டும் என்பது. வரலாற்றின் இந்த முரணை மறைக்கத் தேவையில்லை.

5. உண்மையான குறிநோக்கி

15 மீட்டர் தூரம் தானாக வாய்ப்பதில்லை. ஈரக்காட்டில் ஒரு காட்டெருதை அத்தனை அருகில் காண்பதற்கு முன், மிதிபட்ட புல் நிமிர எவ்வளவு நேரமாகும், சாணத்தின் மேல் ஈ அமர்ந்திருக்கிறதா, குளம்படியில் தண்ணீர் தெளிந்துவிட்டதா, காற்று எத்திசையில் திரும்பும் என்பவற்றைப் படிக்கத் தெரிந்த ஒருவர் மணிக்கணக்கில் முன்னால் நடந்திருக்க வேண்டும். சாண்டர்சனுக்கு முன்னால் சோலிகரும் குறும்பரும் நடந்தனர். ஆண்டர்சனுக்கு முன்னால் பூசாரி குலத்தைச் சேர்ந்த பைரா நடந்தார். மூணாறு மலைகளில் முதுவர்கள். அகத்தியர் மலையின் இரு சரிவுகளிலும், வித்துரா பக்கத்திலும் பாபநாசம் பக்கத்திலும், காட்டை இவ்வாறு படிக்கத் தெரிந்தவர்கள் காணிக்காரர். தமிழும் மலையாளமும் கலந்த மொழி பேசும் அவர்களுக்கு, 1956இல் வகுக்கப்பட்ட மாநில எல்லை, நடந்து பழகிய மலைமுகட்டின் மேல் பிற்காலத்தில் வரையப்பட்ட கோடு.

நானூறு மீட்டரில் இருக்கும் விலங்கை நூறு மீட்டரில் இருப்பதுபோலக் காட்டுவது நான்கு மடங்குக் குறிநோக்கி. கண்ணுக்கே தெரியாத விலங்கைப் பதினைந்து மீட்டரில் கொண்டுவந்து நிறுத்துபவர் தடம் பார்ப்பவர். கருவி செய்யும் வேலையை மனிதர் செய்தனர் என்பதோடு இது முடியவில்லை. கருவியால் செய்ய முடியாததையும் அவர்களே செய்தனர். குண்டு தவறிய பின் இரத்தத் துளிகளைத் தொடர்ந்து முதலில் புதருக்குள் நுழைந்தவரும், பெரும்பாலும் கையில் துப்பாக்கி இல்லாதவரும் அவரே. பெருவேட்டையில் தூரத்தைக் குறைத்தவரும் அந்தக் குறைந்த தூரத்தின் ஆபத்தை ஏற்றவரும் ஒருவர்.

வேட்டை நூல்கள் துப்பாக்கி செய்தவரின் பெயரையும் தெருவையும் தவறாமல் குறிக்கின்றன. மருந்தின் எடையை நுட்பமாகப் பதிகின்றன. தடம் பார்த்தவரைப் பெரும்பாலும் ‘என் சிகாரி’ என்றோ ‘ஒரு மலையன்’ என்றோ மட்டும் சொல்லிவிடுகின்றன. பைராவைப் பெயரோடும் குணத்தோடும் எழுதிய ஆண்டர்சன் போன்றவர்கள் விதிவிலக்கு. மூலங்களின் இந்த ஏற்றத்தாழ்வே தொழில்நுட்ப வரலாற்றையும் கோணலாக்குகிறது. பதிவான கருவி வரலாறாகிறது. பதிவாகாத திறன் பின்னணியாகிவிடுகிறது.

6. தேர்வின் இலக்கணம்

இந்த வரலாற்றை மனத்திற்கொண்டு பார்த்தால், பெருங்குழல் துப்பாக்கிக்கான குறிநோக்கியைத் தேர்வதற்கு ஆயுத வல்லுநர்கள் இன்று கூறும் விதிகள் எல்லாமே அண்மைத் தூரத்தின் நினைவுகள் என்பது விளங்கும்.

உருப்பெருக்கம் குறைவாக இருக்க வேண்டும் என்பது முதல் விதி. ஒன்றிலிருந்து நான்கு மடங்கு வரை மாற்றத்தக்க கருவியே ஆபத்தான விலங்குகளுக்கு ஏற்றதாகக் கருதப்படுகிறது. ஒரு மடங்கில் வைத்தால் 10 மீட்டரில் மூன்று மீட்டருக்கு மேற்பட்ட அகலம் தெரியும். இரு கண்களையும் திறந்தபடி சுடலாம். கண்ணுக்கும் வில்லைக்கும் இடைவெளி குறைந்தது 9 அல்லது 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. .375 தோட்டாவின் பின்னுதையே, பரவலாக வழங்கும் .30-06 தோட்டாவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு; .470இன் உதை அதையும் விஞ்சும்.

மூன்றாவது, ஒளி. முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 32 மில்லிமீட்டர் வில்லையும் நான்கு மடங்கும் என்றால் 8 மில்லிமீட்டர். இருளில் இளைஞரின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் விரியும். முதுமையில் 5 அளவுக்குச் சுருங்கும். ஆகவே அந்திவேளைக்கு இதுவே போதும். 40 மில்லிமீட்டர் வில்லையில் பத்து மடங்கு பெருக்கினால் 4 மில்லிமீட்டர் கற்றைதான் மிஞ்சும். உருவம் பெரிதாகும், காடு இருண்டுவிடும். 1935இல் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்த வில்லைப் பூச்சு, பிரதிபலிப்பால் வீணாகும் ஒளியைக் குறைத்து இந்தக் கணக்கை ஓரளவு இளக்கியது.

வில்லைக்குச் சார்பான வாதமும் வலுவானது. திறந்த குறியில் கண் ஒரே நேரத்தில் பின்பள்ளம், முன்மணி, விலங்கு என மூன்று தூரங்களைப் பார்க்க வேண்டும். நாற்பத்தைந்தைக் கடந்த கண்ணுக்கு அது இயலாது. மேலும், 2.4 மில்லிமீட்டர் மணி கண்ணிலிருந்து 90 சென்டிமீட்டரில் இருந்தால், அது 100 மீட்டரில் ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் இடத்தை மறைத்துவிடும். மானின் இதயப்பகுதி முழுவதும் அந்த மணிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். 20 மீட்டரில் அதே மணி மறைப்பது ஐந்தரை சென்டிமீட்டர்தான். குறிநோக்கியோ குறுக்குக் கம்பியையும் விலங்கையும் ஒரே தளத்தில் வைக்கிறது. துல்லியமான குறி என்பது விலங்குக்கு விரைவான சாவு. இந்த அறவாதத்தைப் புறக்கணிக்க முடியாது.

ஆனால் வில்லை தரும் துல்லியம் ஒரு மயக்கத்தையும் தருகிறது. அருகில் தெரிவதால் அருகில் இருப்பதாக எண்ணிச் சுடத் தூண்டும். முன்பு நெருங்க முடியாததால் சுடாமல் விட்டவர், குறிநோக்கி வந்தபின் நெருங்காமலேயே சுட்டார். கருவி கொலையைத் துல்லியமாக்கியதா, தொலைவான காயங்களைப் பெருக்கியதா என்பது வில்லையின் தரத்தால் மட்டும் தீர்மானமாவதில்லை. விசையை அழுத்தாமல் விடத் தெரிந்தவரின் கையில்தான் அதன் விடை இருக்கிறது.

7. அதே மலையில் இன்று

நெய்யாறு 1958இலும் முண்டந்துறை 1962இலும் சரணாலயங்களாயின. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டையை முற்றாக முடித்தன. வித்துராவை ஒட்டிய பேப்பாறை 1983இல் சரணாலயமானது. குறிநோக்கிகள் மழைக்கும் உதைக்கும் தாங்கும் தரத்தை எட்டியபோது, இந்தியாவில் அவற்றுக்கான வேட்டை சட்டத்துக்கு வெளியே போய்விட்டிருந்தது.

தூரத்தைப் பற்றிய கேள்வி மட்டும் போகவில்லை. 2022 மே மாதத்தில் கேரள அரசு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. உரிமம் பெற்ற துப்பாக்கியாலேயே சுட வேண்டும். நஞ்சு, வெடிப்பொருள், மின்வேலி ஆகியவை கூடா என்பது நிபந்தனை. காட்டோர ஊராட்சிகளின் மரவள்ளித் தோட்டங்களில் இரவில் நிற்பவருக்கு முன் பழைய கணக்கு மீண்டும் நிற்கிறது: குறுகிய தூரம், இருள், பின்னால் வீடுகள். காயத்தோடு தப்பிய பன்றி விடிகாலையில் ரப்பர் பால் வெட்டப் போகும் தொழிலாளியின் வழியில் கிடக்கும்.

2023இல் அந்தக் கணக்கு வேறொரு வடிவில் இந்த மலைக்கே வந்தது. ஏப்ரல் 29 அன்று இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் என்னும் ஆண்யானை பெரியாறு காட்டில் விடப்பட்டு, மே மாத இறுதியில் தேனி மாவட்டத்தின் கம்பம் நகருக்குள் புகுந்தது. ஜூன் 5 அன்று மீண்டும் மயக்கப்பட்டு, களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தின் மேல் கோதையாறு பகுதியில், அதாவது அகத்தியர் மலைத் தொடரிலேயே விடப்பட்டது. மயக்க ஊசித் துப்பாக்கியின் பயனுள்ள தூரம் சில பத்து மீட்டர்கள்தான். ஊசி மெதுவாக வளைந்து செல்லும். எலும்பைத் தவிர்த்துத் தசையில் தைக்க வேண்டும். ஆகவே சுடுபவர், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் சாண்டர்சன் நின்ற அதே தூரத்துக்கு நெருங்கியாக வேண்டும். அவருக்கு முன்னால் நடந்து யானையின் போக்கைச் சொல்பவர்களாக வேட்டைத்தடுப்புக் காவலர்களும் மலைமக்களும் இன்றும் இருக்கிறார்கள்.

வித்துராவுக்கு அடுத்த பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவின் வரலாற்றில் ஒரு நிகழ்வு உண்டு. 1987இல் அகத்தியர் மலையில் ஆய்வுக்குச் சென்ற அறிவியலாளர்கள், தம்முடன் வந்த காணிக்கார வழிகாட்டிகள் களைப்பின்றி மலையேறுவதைக் கண்டு காரணம் கேட்டனர். ஆரோக்கியப்பச்சை என்ற செடி அப்படித்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதிலிருந்து உருவான மருந்தின் உரிமத்தொகையில் பாதி காணிக்காரர்களுக்குச் சேர வேண்டும் என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவானது. அந்த ஏற்பாட்டின் நடைமுறைக் குறைகள் பலவாயினும், வழிகாட்டியின் அறிவுக்கு உரிமை உண்டு என்ற கொள்கையை உலகம் விவாதிக்க அது முன்மாதிரியாக அமைந்தது.

செடியை அறிந்த கண்ணும் தடத்தை அறிந்த கண்ணும் ஒரே மக்களுடையவை. முந்தையதற்கு ஒரு பங்கு என்று எழுதப்பட்டது. பிந்தையதற்கு வேட்டை நூல்களில் ஒரு பெயர்கூட முழுமையாக எழுதப்படவில்லை. தென்னிந்தியக் காடுகளில் பெருங்குழல் துப்பாக்கியின் வரலாற்றை இனி எழுதுவோர், குழலின் விட்டத்தையும் வில்லையின் அளவையும் குறித்தபின், முன்னால் நடந்தவர் யார் என்று கேட்டு எழுதினால்தான் அந்த வரலாறு குறி தப்பாது.